இல்லாமை சொன்ன சாட்சி

சில வருஷங்களுக்கு முன் நான் எழுதிய தொடர்கதை ஒன்றில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் வருவார். செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்து, இருபத்தெட்டாவது அத்தியாயத்தில் அவர் இறந்துபோனார். அவர் குற்றமற்றவர் என்பது முப்பத்திரண்டாவது அத்தியாயத்தில்தான் வெளிப்பட்டது. கதை முடிந்த மறுவாரம் ஒரு வாசகியிடமிருந்து கடிதம் வந்தது. அதில் புகழ்ச்சி இல்லை, திட்டும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "மனிதரைச் சாகடித்துவிட்டு அவர் நல்லவர் என்று நிரூபிக்கிறீர்களே, இதனால் யாருக்கு என்ன லாபம்?"

பதில் எழுத உட்கார்ந்தேன். 'தர்மம் கடைசியில் வெல்லும்' என்று எழுதி அடித்தேன். 'உண்மைக்குச் சாவு கிடையாது' என்று எழுதி அதையும் அடித்தேன். இரண்டும் என் கதையில் வரும் வக்கீலின் வாய்க்குப் பொருத்தமாக இருந்தனவே தவிர, ஒரு கேள்விக்குப் பதிலாக இல்லை. கடிதம் மேஜை அறையிலேயே கிடந்தது.

எனக்கு ஒரு நண்பர் உண்டு. மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறி நூல் கற்பித்து ஓய்வு பெற்றவர். மாலையில் நானும் அவரும் சேர்ந்து நடப்போம். அதாவது அவர் நடப்பார், நான் மூச்சு வாங்குவேன். அவரிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "உங்கள் ஆசிரியராவது நாலு அத்தியாயத்தில் தப்பித்தார். எங்கள் துறையில் ஒரு மனிதருக்குக் கால் நூற்றாண்டு ஆயிற்று. அவருக்காகச் சாட்சி சொன்னது யார் தெரியுமா? ஒரு குடும்பத்தின் இரத்தத்தில் இல்லாமல் போன ஒரு பொருள்" என்றார்.

இல்லாத பொருள் எப்படிச் சாட்சி சொல்லும்? கதை எழுதுகிறவனை இப்படியொரு வாக்கியத்தோடு நடுத்தெருவில் நிறுத்திவிட்டால், அவன் அன்றிரவு தூங்க மாட்டான். அடுத்த சில மாதங்கள் அவரிடம் கேட்டும் புத்தகங்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கதையின் களம் மனித இரத்தம். இரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து உறையவிட்டால், மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். அதற்குச் சீரம் என்று பெயர். அந்த நீரில் இருக்கும் சில புரதங்களின் கூட்டத்துக்கு மேனாட்டார் 'காம்ப்ளிமெண்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இது விருந்துக்குப் போனால் வீட்டுக்கார அம்மாளிடம் சொல்லிவிட்டு வருகிற 'காம்ப்ளிமெண்ட்' அல்ல. ஆங்கில எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்; தமிழில் எழுதினால் அந்த வித்தியாசமும் போய்விடுகிறது! இந்தக் காம்ப்ளிமெண்டுக்கு 'நிறைவு செய்வது' என்று அர்த்தம். ஒன்றின் குறையை நிரப்புவதால் நாம் 'நிரப்பி' என்று அழைக்கலாம்.

இந்த நிரப்பியைக் கண்டுபிடித்த சம்பவத்தில் காலரா கிருமிக்கும் பங்கு உண்டு. 1894-ல் ரிச்சர்டு பைஃபர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி ஒன்றைக் கவனித்தார். காலராவுக்கு ஏற்கெனவே பழக்கப்படுத்தப்பட்ட கினிப் பன்றியின் வயிற்றுக்குள் காலரா கிருமிகளைச் செலுத்தினால், அவை அங்கேயே சிதைந்து கரைந்து போயின. அடுத்த ஆண்டு, பாரிஸில் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஜூல்ஸ் போர்டே என்ற பெல்ஜிய இளைஞர் இதையே கண்ணாடிக் குழாயில் செய்து பார்த்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது.

போர்டே செய்த சோதனை மிக எளியது. காலராவை எதிர்க்கப் பழகிய மிருகத்தின் சீரத்தை எடுத்தார். அது கிருமியைக் கொன்றது. அதே சீரத்தை 55 டிகிரி வரை சூடாக்கினார். அது கொல்லும் சக்தியை இழந்தது. பிறகு அதில், காலராவையே அறியாத ஒரு சாதாரண மிருகத்தின் புதிய சீரத்தில் கொஞ்சம் சேர்த்தார். அந்தப் புதிய சீரம் தனியாக இருந்தபோது கிருமியை ஒன்றும் செய்யவில்லை. சூடுபட்ட சீரமும் தனியாக ஒன்றும் செய்யவில்லை. இரண்டும் சேர்ந்தபோது கிருமிகள் மடிந்தன!

ஆக, சீரத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் சூட்டுக்கு அசையாதவர். குறிப்பிட்ட கிருமியைக் கண்டு பழகியவர். அவரை இன்று எதிர்ப்பொருள் என்கிறோம். மற்றவர் சூடு தாங்காதவர். எல்லா மிருகங்களிடமும் இருப்பவர். ஆனால் தாமாகப் புறப்படாதவர். திருவிழாக் கூட்டத்தில் திருடனைப் பிடிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். "இவன்தான் திருடன்" என்று விரல் நீட்டிக் காட்டுகிறவர் எதிர்ப்பொருள். காட்டியவுடன் பாய்ந்து அடிக்கிற கூட்டம் நிரப்பி. காட்டுகிறவருக்கு அடிக்கத் தெரியாது. அடிக்கிற கூட்டத்துக்கு அடையாளம் தெரியாது.

ஹான்ஸ் புக்னர் என்பவர் முன்பே சீரத்தின் கொல்லும் சக்திக்கு 'அலெக்சின்' என்று பெயரிட்டிருந்தார். போர்டேவும் அந்தப் பெயரையே விரும்பினார். ஆனால் பால் எர்லிக் 1899-ல் வைத்த 'காம்ப்ளிமெண்ட்' என்ற பெயர்தான் உலகத்தில் நிலைத்தது. போர்டேவுக்கு 1919-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. பிற்பாடு வந்தவர்கள் நிரப்பி ஒரே பொருள் அல்ல, பல பொருள்களின் வரிசை என்று கண்டார்கள். 1920-களின் நடுவில் நான்கு பேர் அடையாளம் தெரிந்துவிட்டது: சி-1, சி-2, சி-3, சி-4.

எல்லாம் ஒழுங்காக அமைந்துவிட்டது. எதிர்ப்பொருள் காட்டும், சி-1 முதலில் எழும், மற்றவர்கள் பின்தொடர்வார்கள். காட்டுகிறவர் இல்லாமல் கூட்டம் எழாது. பாடப் புத்தகத்தில் அச்சாகிவிட்ட விஷயம். அதை மறுத்துச் சொல்லத்தான் நம் மனிதர் வருகிறார்.

அவர் பெயர் லூயிஸ் பில்லெமர். 1908-ல் தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்தவர். மறு வருஷமே பெற்றோருடன் அமெரிக்கா போய், கெண்டக்கி மாகாணத்தில் வளர்ந்தார். ட்யூக் சர்வகலாசாலையில் பட்டம் பெற்று அங்கேயே வைத்தியப் படிப்பிலும் சேர்ந்தார். மூன்றாம் ஆண்டின் நடுவில் படிப்பை உதறிவிட்டுப் போய்விட்டார். கூரிய அறிவு; ஆனால் நிலைகொள்ளாத மனம். அந்தக் காலத்தில் கெண்டக்கி மலைப் பிரதேசத்தில் டாக்டர்கள் இல்லாததால், ஒரு சிறு பரீட்சை தேறியவர்கள் வைத்தியம் பார்க்கலாம் என்று இருந்தது. பில்லெமர் அதில் தேறி, குதிரையின்மேல் ஏறிக் குடிசை குடிசையாகப் போய் நோயாளிகளைப் பார்த்தார், பிரசவம் பார்த்தார். இப்படி ஒரு பாத்திரத்தை நான் படைத்திருந்தால், 'நம்பும்படி இல்லை' என்று நீங்களே எழுதியிருப்பீர்கள்.

கடைசியில் அவர் வந்து சேர்ந்த இடம் கிளீவ்லாந்து நகரம். 1935-ல் அங்கே வெஸ்டர்ன் ரிசர்வ் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அதன் பிறகு இடையில் கொஞ்ச காலம் தவிர, ஆயுள் முழுவதும் அங்கேதான். அவருடைய கை பொருள்களைப் பிரித்துச் சுத்தம் செய்வதில் கெட்டிக்காரக் கை. நிரப்பியின் அங்கங்களைப் பிரித்துக் காட்டினார். டெட்டனஸ் கிருமியின் விஷத்தைப் படிகமாகவே எடுத்துக் காட்டினார். 1950-க்குள் அவருக்கு உலகத்தில் நல்ல பெயர் வந்துவிட்டது. சும்மா இருந்திருந்தால் அந்தப் பெயரோடேயே கிழவராகியிருப்பார்.

சும்மா இருக்கவில்லை. ஈஸ்ட் என்ற நொதியின் மேல்தோலிலிருந்து எடுக்கப்படும் ஒரு தூள் உண்டு; ஸைமோஸான் என்று பெயர். அதைச் சீரத்தில் போட்டால் சி-3 மட்டும் செலவழிந்து போகும். இது முன்பே தெரிந்த சங்கதி. தூள்தானே சி-3-ஐ ஒட்டி இழுத்துக்கொள்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். பில்லெமர் சூட்டை மாற்றி மாற்றிப் பார்த்தார். உடம்பின் சூடான 37 டிகிரியில் சி-3 செலவழிந்தது. 17 டிகிரியில் செலவழியவில்லை. ஆனால் 17 டிகிரியில் தூளோடு கலந்து, தூளை மட்டும் எடுத்துவிட்ட சீரத்தில் மறுபடியும் புதிய தூளைப் போட்டு, இந்தத் தடவை 37 டிகிரியில் வைத்தார். அப்போதும் சி-3 செலவழியவில்லை!

என்ன அர்த்தம்? முதல் தூள் வெளியே போகும்போது வேறு யாரையோ தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. அந்த யாரோ இல்லாமல் சி-3 அசையமாட்டேன் என்கிறது. அந்த ஆளைத் தூளிலிருந்து பிரித்தெடுத்து, 'அழித்தல்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து 'ப்ராபர்டின்' என்று பெயர் வைத்தார். 1954 ஆகஸ்டில் 'சயன்ஸ்' பத்திரிகையில் அவரும் ஐந்து சகாக்களும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. எதிர்ப்பொருளின் உதவி இல்லாமலேயே ப்ராபர்டின் நிரப்பியை எழுப்புகிறது, பாக்டீரியாக்களைக் கொல்கிறது, வைரஸை அடக்குகிறது. விரல் நீட்டிக் காட்டுகிறவர் வராமலேயே திருடனை மடக்கும் ஒரு காவல் நம் இரத்தத்தில் இருக்கிறது. புதிதாக ஊருக்குள் நுழையும் கிருமியை, அடையாளம் தெரிந்துகொள்ள ஒரு வாரம் ஆகுமுன்பே, அது எதிர்த்து நிற்கும். இதுதான் அவர் சொன்னது.

பத்திரிகைகள் சும்மா விடுமா? ஜனங்கள் படிக்கும் பத்திரிகைகளும் ப்ராபர்டினைப் பற்றி எழுதின. எல்லா நோய்க்கும் இயற்கை தந்த மருந்து என்கிற அளவுக்கு எதிர்பார்ப்பு வளர்ந்தது. பல ஊர்களில் ப்ராபர்டின் ஆராய்ச்சி தொடங்கிற்று. இரண்டு மூன்று வருஷம் பில்லெமருக்கு நல்ல காலம். நான் பத்திரிகைக்காரர்களோடு பழகியவன். அவர்கள் தோளில் தூக்கும்போது உயரம் அதிகம் என்பது எனக்குத் தெரியும்.

எதிர்ப்புக் குரல் ராபர்ட் நெல்சன் என்ற விஞ்ஞானியிடமிருந்து வந்தது. அவருடைய வாதம் இது. சாதாரண மனிதர்களின் இரத்தத்தில் ஈஸ்ட் போன்ற பல பொருள்களுக்கும் எதிரான எதிர்ப்பொருள்கள் இயற்கையாகவே சொற்ப அளவு இருக்கின்றன. 17 டிகிரியில் ஸைமோஸான் ஒட்டி இழுத்துக்கொண்டு போனது அந்த எதிர்ப்பொருளைத்தான். 37 டிகிரியில் நடப்பது போர்டே காட்டிய அதே பழைய வழிதான். புதிய ஆள் என்று பில்லெமர் அழைத்து வந்திருப்பவர், வேஷம் மாற்றிய பழைய ஆள்.

இந்த இடத்தில் ஒரு கதாசிரியனுக்கு நெல்சனை வில்லனாக்கிவிட ஆசை வரும். நான் செய்ய மாட்டேன். அவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. பில்லெமரின் ப்ராபர்டின் அன்றைக்கு முழுச் சுத்தமாக இல்லை. சீரத்தில் அது இருக்கும் அளவு மிகச் சொற்பம். அதோடு எதிர்ப்பொருள் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்று சத்தியம் செய்யும் வசதி அந்த நாளில் யாரிடமும் இல்லை. கேட்கப்பட வேண்டிய கேள்வி கேட்கப்பட்டது. பதில் சொல்லும் கருவி இன்னும் பிறக்கவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் உலகம் இவ்வளவு நிதானமாக யோசிப்பதில்லை. புகழ்ந்த வாய்களே சந்தேகிக்கத் தொடங்கின. ப்ராபர்டின் என்ற பெயரைச் சொன்னாலே விஞ்ஞானிகள் புன்னகை செய்யும் நிலை வந்தது. பில்லெமர் இயல்பிலேயே பதற்றம் கொண்டவர். இதை அவரால் தாங்க முடியவில்லை. 1957 ஆகஸ்டு 31-ஆம் தேதி தம் வீட்டில் இறந்துபோனார். தூக்க மருந்து உடம்பில் அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்தது. அவருக்கு ஐம்பது வயது நிறையவில்லை. அந்த இரவில் அவர் மனத்தில் என்ன இருந்தது என்று கற்பனை செய்ய எனக்கு உரிமை இல்லை; கற்பனைதான் என் தொழில் என்றாலும். நெல்சனின் விரிவான கட்டுரை அச்சில் வந்தது 1958-ல். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அதற்குள் போய்விட்டார்.

இது இருபத்தெட்டாவது அத்தியாயம். இனி மிச்சத்தைக் கேளுங்கள்.

ஆசிரியர் போனபின் அந்த ஆராய்ச்சிச் சாலையில் எல்லோரும் ஓடிவிடவில்லை. இர்வின் லெப்போ என்ற மாணவர் இருந்தார். 1954 கட்டுரையில் பெயர் போட்டவர்களில் ஒருவர். குருவுக்குப் பரிந்து அவர் பத்திரிகைகளில் சண்டைக்குப் போகவில்லை. சீரத்தை வடிகட்டிக்கொண்டிருந்தார். ப்ராபர்டினோடு சேர்ந்து வேலை செய்யும், சூடு தாங்காத இன்னொரு பொருளைப் பற்றிய கட்டுரை 1959-ல் வந்தது. அதற்கு 'பி' என்று பெயர் வைத்தார்கள். கட்டுரையில் இறந்துபோன பில்லெமரின் பெயரும் இருந்தது. ஒன்பது வருஷம் கழித்து, 1968-ல், லெப்போவும் சகாக்களும் ப்ராபர்டினை நன்றாகச் சுத்தம் செய்து காட்டினார்கள். அது எதிர்ப்பொருள் அல்ல. தனியான ஒரு புரதம்.

அப்புறம் சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். முதல் சாட்சி நல்லபாம்பு! நாகத்தின் விஷத்துக்குச் சீரத்தின் கொல்லும் சக்தியை அழிக்கும் குணம் உண்டு என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. அது எப்படி என்று கலிபோர்னியாவில் ஹான்ஸ் முல்லர்-எபர்ஹார்டு ஆராய்ந்தார். விஷத்திலுள்ள ஒரு பொருள், சீரத்திலுள்ள ஒரு புரதத்தோடு கைகோத்துக்கொண்டு நேராகச் சி-3-ஐப் பிளக்கிறது. எதிர்ப்பொருளும் வேண்டாம், சி-1-ம் வேண்டாம். 1971-ல் அவரும் ஓட்டோ கோட்சேயும் இதை நிரப்பியின் 'மாற்று வழி' என்று எழுதினார்கள். அதே ஆண்டில், பாம்பு விஷத்தோடு கைகோத்த புரதமும் பில்லெமர் கூட்டத்தாரின் 'பி'யும் ஒன்றே என்று லெப்போவின் ஆராய்ச்சிச் சாலை காட்டிற்று. இன்றைக்கும் அந்தப் புரதத்துக்கு உலகம் முழுவதும் 'பி' என்றுதான் பெயர்.

இரண்டாவது சாட்சி சில கினிப் பன்றிகள். பிறவியிலேயே சி-4 துளியும் இல்லாத கினிப் பன்றிகளை 1970-ல் அமெரிக்காவில் கண்டார்கள். சி-4 இல்லையென்றால் பழைய வழி அடைபட்டுவிட்டது என்று பொருள். ஆயினும் அவை உயிரோடு ஓடியாடிக்கொண்டிருந்தன! அவற்றின் சீரத்தில் கிருமியின் விஷத்தைச் சேர்த்தபோது, சி-3-ம் அதற்குப் பிந்தியவைகளும் செலவழிந்தன. கதவைப் பூட்டி வைத்திருக்கும்போதே ஆள் உள்ளே வந்துவிட்டான் என்றால், வீட்டுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அந்த இன்னொரு வாசலில் நடப்பது இன்று தெளிவாகத் தெரியும். சி-3 எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே உடைந்துகொண்டிருக்கிறது. உடைந்த துண்டுகள் அருகிலுள்ள எந்த மேற்பரப்பிலும் ஒட்டும். நம் சொந்த அணுக்களின்மேல் ஒட்டினால், அவற்றைச் செயலற்றதாக்கும் காவல் புரதங்கள் அங்கே இருக்கின்றன. கிருமியிடம் அவை இல்லை. அங்கே ஒட்டிய துண்டு 'பி'யைச் சேர்த்துக்கொண்டு ஒரு கத்தரிக்கோலாகி, மேலும் மேலும் சி-3-ஐ வெட்டுகிறது. ஆனால் இந்தக் கத்தரிக்கோல் ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானே கழன்று விழுந்துவிடும். கழலாமல் பல மடங்கு நேரம் பிடித்து நிறுத்தும் ஆணி ஒன்று வேண்டும். அந்த ஆணிதான் ப்ராபர்டின். 1975-ல் ஃபியரானும் ஆஸ்டனும் இதைக் காட்டினார்கள்.

இதெல்லாம் கண்ணாடிக் குழாயில் நடந்த விசாரணை. "சரி, இருக்கிறது, மனிதனுக்கு அது தேவையா?" என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வது? என் நண்பர் சொன்ன கடைசிச் சாட்சி இங்கேதான் வருகிறது.

மெனிஞ்சோகாக்கஸ் என்ற கிருமி பலருடைய தொண்டையில் ஒன்றும் செய்யாமல் தங்கிப் போகும். சிலரிடம் மட்டும் இரத்தத்தில் இறங்கும். இறங்கினால் காலையில் காய்ச்சல், மாலையில் உடம்பெல்லாம் கருஞ்சிவப்புப் புள்ளி, மறுநாள் பிழைப்பாரோ மாட்டாரோ என்ற நிலை. ஸ்வீடன் தேசத்தில் ஒரு குடும்பத்தில் இந்த நோய் மிகக் கொடூரமாக வந்தது. வந்தது ஆண்களுக்கு. அவர்களுடைய இரத்தத்தைச் சோதித்தார்கள். சி-1 இருந்தது, சி-3 இருந்தது, எல்லாம் இருந்தன. ப்ராபர்டின் மட்டும் இல்லை. 1982-ல் அந்த ஆராய்ச்சி பிரசுரமாயிற்று.

ப்ராபர்டினைச் செய்யும் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றும். ஆணுக்கு ஒன்றுதான். ஆகவே தாய் நோயில்லாமல் இருப்பாள். அவள் பெற்ற பிள்ளைகளில் சிலருக்கு இந்தக் குறை வந்து சேரும். அந்த வீட்டுத் தாய்மார் தங்கள் குடும்பத்தைத் தொடரும் துரதிர்ஷ்டத்துக்கு என்னவெல்லாம் காரணம் சொல்லி அழுதார்களோ! காரணம் ஒரே ஓர் ஆணி. இருபத்தைந்து வருஷங்களுக்கு முன், 'அப்படி ஒன்று இருக்கிறது' என்று சொன்ன மனிதரைப் பார்த்து உலகம் புன்னகை செய்ததே, அந்த ஆணி.

நிரப்பியின் வரிசையில் எவர் இல்லாமல் போனாலும் அவருடைய இல்லாமை ஒவ்வொரு விதமாகப் பேசுகிறது. முன்வரிசையில் சி-1, சி-2, சி-4 இல்லாதவர்களில் பலருக்கு, உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் லூபஸ் என்ற நோய் வருகிறது. சி-3 இல்லாதவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே சீழ்பிடிக்கும் நோய்கள் மாறி மாறி வருகின்றன. கடைசி வரிசையில் சி-5 முதல் சி-9 வரை யாரேனும் இல்லாவிட்டால், இந்த மெனிஞ்சோகாக்கஸ் திரும்பத் திரும்ப வந்து தொல்லைப்படுத்துகிறது. அடிக்கிற கூட்டத்தை அடக்கி வைக்கும் பொருளும் ஒன்று உண்டு. சி-1-ஐத் தடுப்பது அதன் வேலை. அது குறைந்தால் முகமும் கைகாலும் தொண்டையும் காரணமில்லாமல் திடீரென்று வீங்கும். தொண்டை வீங்கினால் மூச்சே அடைபடும். பல தலைமுறைகளாகச் சில குடும்பங்களைப் பிடித்திருந்த இந்த வீக்கத்துக்குக் காரணம் அந்தத் தடுப்புப் பொருளின் குறைவே என்று 1963-ல் டொனால்ட்சனும் எவான்ஸும் கண்டார்கள். அந்தத் தடுப்புப் பொருளைப் பற்றி 1957-லேயே எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? நம் லெப்போதான்.

ஸ்வீடன் குடும்பத்துக்குத் திரும்புவோம். ப்ராபர்டின் இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டால் என்ன ஆகிறது என்று அங்கே பார்த்தார்கள். ஊசி போட்டதும் உடம்பில் எதிர்ப்பொருள் உண்டாயிற்று. எதிர்ப்பொருள் காட்டிக்கொடுக்க, பழைய வழியாக நிரப்பி எழுந்து கிருமியைக் கொன்றது. ஒரு வாசல் பிறவியிலேயே அடைபட்டவர்களுக்கு மற்ற வாசலைத் திறந்துவிட்டார்கள். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நெல்சன் 'எதிர்ப்பொருளின் வேலை' என்றார். பில்லெமர் 'எதிர்ப்பொருள் வேண்டாம்' என்றார். இருவரும் ஒரே வீட்டின் இரண்டு வாசல்களில் நின்றுகொண்டு வாதாடியிருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளையைக் காப்பாற்ற இரண்டு வாசலையும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. காலையில் எழுந்தால் சிறுநீர் கறுத்துப் போகும் ஒரு விசித்திர வியாதி உண்டு. இரத்தச் சிவப்பணுக்களின்மேல் இருக்க வேண்டிய காவல் புரதங்கள் இல்லாமல் போவதால், சொந்த நிரப்பியே அவற்றை உடைத்துவிடுகிறது. 1956-ல், அதாவது தாம் இறப்பதற்கு முந்திய வருஷம், பில்லெமரும் இரண்டு சகாக்களும் இந்த வியாதியில் சிவப்பணு உடைவதில் ப்ராபர்டினுக்குப் பங்கு உண்டு என்று எழுதியிருந்தார்கள். 2007-ல் இந்த நோய்க்கு, சி-5-ஐத் தடுக்கும் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைப் போட்டுக்கொள்கிறவர்கள் மருந்தினால் சி-5 இல்லாதவர்கள் போல ஆகிவிடுவதால், மெனிஞ்சோகாக்கஸுக்கு எதிராக முன்னதாகவே தடுப்பூசி போடுகிறார்கள். பிறவிக் குறை உள்ளவர்கள் கற்றுத்தந்த பாடம் அது. 2023 டிசம்பரில் அதே நோய்க்கு, வாயால் விழுங்கும் இன்னொரு மருந்து அனுமதி பெற்றது. அந்த மருந்து பிடித்து நிறுத்துவது 'பி' என்ற புரதத்தை. பில்லெமர் இறந்தபின் அவர் பெயரோடு அச்சான கட்டுரையில் இருந்த அதே 'பி'.

1980-ல் லெப்போ அமெரிக்க இம்யூனாலஜி சங்கத்தின் தலைவராக இருந்தார். தலைமைப் பேருரையில் தம் சொந்தப் பெருமையைப் பேசியிருக்கலாம்; பேசும் தகுதி அவருக்கு இருந்தது. அவர் எடுத்துக்கொண்ட பொருள், லூயிஸ் பில்லெமரும் ப்ராபர்டினும் அந்தப் பழைய சர்ச்சையும். இருபத்து மூன்று வருஷம் சீரத்தை வடிகட்டிவிட்டு, அதன்பின் மேடையேறிச் சொன்ன அஞ்சலி அது. ஸ்வீடன் குடும்பத்தின் சாட்சி அப்போது இன்னும் வரவில்லை.

அன்று மாலை என் நண்பரிடம் கேட்டேன். "எல்லாம் சரி சார். பில்லெமருக்கு இதனால் என்ன லாபம்?"

அவர் நடையை நிறுத்தவில்லை. "அவருக்கு ஒன்றும் இல்லை" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "ஆனால் லெப்போ 'செத்தவருக்கு என்ன லாபம்' என்று கடையைக் கட்டியிருந்தால், அந்த ஸ்வீடன் தேசத்துப் பையனின் சீரத்தில் எதைத் தேடுவது என்றே யாருக்கும் தெரிந்திருக்காது" என்றார்.

வீட்டுக்கு வந்து மேஜை அறையைத் திறந்தேன். வாசகி அம்மாளின் கடிதம் அங்கேயே இருந்தது. இந்தத் தடவை பதிலை அடிக்காமல் எழுதி முடித்தேன். அது இதுதான்:

"அம்மா, உங்கள் கேள்வி நியாயமானது. இறந்தவருக்கு லாபம் இல்லை. என் கதையில் ஆசிரியரின் குற்றமின்மையை நிரூபித்ததோடு நிறுத்திவிட்டேன். அந்த நிரூபணத்தால் பிழைத்த ஒரு பிள்ளையை நான் காட்டியிருக்க வேண்டும். அந்த ஓர் அத்தியாயம் விட்டுப்போயிற்று. தவறு என்னுடையது."